லுனானா: கரும்பலகை இல்லாத பள்ளிக்கு வந்த வாத்தியார்

காலை மணி ஒன்பது. ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் இன்னும் போர்வைக்குள் கிடக்கிறார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, குளிரில் கன்னம் சிவந்து நிற்கிறாள். நான்தான் வகுப்புத் தலைவி என்கிறாள். பள்ளிக்கூடம் எட்டரைக்கு, இப்போது ஒன்பது ஆகிவிட்டது, ஆசிரியர் வரவில்லையே என்று பார்க்க வந்தேன் என்கிறாள். அவள் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. மணி ஆகிவிட்டது, அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

'லுனானா: எ யாக் இன் த கிளாஸ்ரூம்' (லுனானா: வகுப்பறையில் ஒரு யாக் மாடு) என்ற பூட்டான் படத்தில் இந்தக் காட்சி வந்ததும் நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர். 2008இல் எனக்கு முதல் பணியிடம் ஜவ்வாது மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளி. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மழை பெய்தால் இன்னும் அரை மணி கூடும். நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்த நாள்களில் பிள்ளைகள் பாதையின் வளைவு வரை வந்து நின்றிருப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார்கள். அந்த முகங்களை இத்தனை வருடம் கழித்து இமயமலைச் சிறுமி ஒருத்தியிடம் பார்த்தேன்.

கதை சிறியது. உக்யென் என்ற இளைஞன் திம்பு நகரத்தில் பாட்டியோடு வாழ்கிறான். அரசாங்கத்துக்கு ஐந்து வருடம் ஆசிரியராக வேலை பார்த்துத் தீர வேண்டிய கட்டாயம். நான்கு முடிந்துவிட்டது. அவன் மனமோ ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே போய்ப் பாடகனாக வேண்டும், விசா வர வேண்டும், அதுதான் நினைப்பு. பாட்டிக்கு இது புரியவே இல்லை. கைக்கு வந்த அரசாங்க வேலையை யாராவது விடுவார்களா என்கிறார். (எந்த நாட்டுப் பாட்டியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வார் போலிருக்கிறது.) வேலையில் அவனுக்கு ஈடுபாடு இல்லை என்பதைக் கண்டுகொண்ட மேலதிகாரி, மிச்சமிருக்கும் ஒரு வருடத்துக்கு அவனை லுனானாவுக்கு அனுப்புகிறார். உலகத்திலேயே மிகத் தொலைவில் இருக்கும் பள்ளிக்கூடம் அதுதான் என்கிறார்கள்.

கஸா என்ற ஊர் வரை பஸ். அப்புறம் நாள் கணக்கில் நடை. இந்தப் பயணம்தான் படத்தின் முதல் பகுதி முழுக்க. நகைச்சுவை அதிகம் இருப்பதும் இங்கேதான். ஒவ்வோர் இடம் வரும்போதும் திரையில் அந்த ஊரின் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம், மக்கள்தொகை மூன்றும் எழுத்தில் வருகின்றன. உயரம் ஏறிக்கொண்டே போகிறது, மக்கள்தொகை இறங்கிக்கொண்டே வருகிறது. கோய்னா என்று ஓர் இடம் வருகிறது. மக்கள்தொகை 3. ஒரே ஒரு குடும்பம்! கடைசியில் லுனானா: 4,800 மீட்டர், 56 பேர். இதைத் தனியாக ஒரு வசனம் வைத்து விளக்கவில்லை. அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே போகும்போது நமக்கே மூச்சு வாங்குகிறது.

அழைத்துப்போக வந்திருக்கும் மிச்சென், சிங்கே இருவரும் நல்ல பாத்திரங்கள். உக்யென் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வருகிறான். அவர்கள் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார்கள், பாடுகிறார்கள், அடுப்பு மூட்டிச் சமைத்துப் போடுகிறார்கள். கணவாயில் வழிபாட்டு இடம் வந்ததும், போகிற வழி நல்லபடியாக அமைய வேண்டும் என்று வேண்டிக் காணிக்கை வைக்கிறார்கள். அவனையும் வைக்கச் சொல்கிறார்கள். அவன் மறுத்துவிடுகிறான். அப்போதும் அவர்கள் முகம் சுளிக்கவில்லை. மலை ஊர்களில் நான் பார்த்த குணம் இது. கீழிருந்து வந்தவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும்போது தெரிந்துகொள்வான் என்று விட்டுவிடுவார்கள். சிரிப்பு வருகிற இடங்களில் எல்லாம் நாம் உக்யெனைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். மலைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும்படி ஓர் இடம்கூட இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இயக்குநர் பாவோ சோயினிங் டோர்ஜியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. இது அவருடைய முதல் படம்.

ஊருக்கு இன்னும் இரண்டு மணி நேர நடை இருக்கும்போதே ஊர்ச்சனம் மொத்தமும் எதிர்கொண்டு வந்து நிற்கிறது, வாத்தியாரை வரவேற்க. அவன் போய்ச் சேர்ந்து பள்ளியைப் பார்க்கிறான். தூசி படிந்த ஓர் அறை. கரும்பலகை இல்லை. உடனே ஊர்த்தலைவர் ஆஷா என்ற பெரியவரிடம், என்னால் முடியாது, திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறான். ஆஷா கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. கோவேறு கழுதைகள் களைத்திருக்கின்றன, சில நாள் ஓய்வு கொடுத்து அப்புறம் கூட்டிப்போகச் சொல்கிறேன் என்கிறார். அந்தச் சில நாள் இடைவெளியில்தான் சிறுமி கதவைத் தட்டுகிறாள்.

ஆசிரியர் படங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். வழக்கமாக ஒரு புது வாத்தியார் வருவார், அடங்காத ஒரு மாணவன் இருப்பான், நடுவில் கண்ணீர் வரவழைக்கும் ஒரு சொற்பொழிவு, முடிவில் பரீட்சையில் எல்லோரும் தேர்ச்சி. பார்த்து முடித்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போனால் அதில் ஒன்றும் கைகொடுக்காது. இந்தப் படத்தில் பரீட்சையே இல்லை. திருத்த வேண்டிய மாணவன் இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கிறார்கள். தயாராக வேண்டியவன் வாத்தியார் ஒருவன்தான். அவனை வாத்தியாராக ஆக்குவது அந்தப் பிள்ளைகள்.

எப்படி ஆக்குகிறார்கள் என்பதைப் படம் நிதானமாகக் காட்டுகிறது. முதல் நாள் அவனிடம் பாடத்திட்டம் எதுவும் இல்லை. பெயர் சொல்லுங்கள், பெரியவர்கள் ஆனதும் என்னவாக ஆசை என்று சொல்லுங்கள் என்கிறான். ஒரு பையன் ஆசிரியராக வேண்டும் என்கிறான். ஏன் என்றால், ஆசிரியர் எதிர்காலத்தைத் தொடுகிறவர் என்கிறான். இந்த வசனத்தை எழுத்தில் படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழா வாசகம் மாதிரி இருக்கும். அந்தப் பையன் வாயில் வரும்போது அப்படி இல்லை. அவன் யாரையும் அசத்துவதற்காகச் சொல்லவில்லை. பதில் கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னான். கேட்ட உக்யென் தடுமாறுகிறான், நாமும் தடுமாறுகிறோம்.

அப்புறம் அந்த ஆங்கில எழுத்துப் பாடம். 'சி ஃபார் கார்' என்கிறான். பிள்ளைகள் விழிக்கிறார்கள். கார் என்றால் என்ன? சாலையே இல்லாத ஊர் அது. ஒரு நொடி யோசிக்கிறான், அதை விட்டுவிட்டு 'சி ஃபார் கௌ' என்கிறான். வகுப்பு மலர்கிறது. அரை நிமிடம் ஓடுமோ என்னவோ, இந்தக் காட்சியை நான் ஐந்தாறு முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன். காரணம் உண்டு. நான் மலைக்குப் போன காலத்தில் செயல்வழிக் கற்றல் வந்து புதிது. வண்ண அட்டைகள், தரையில் வட்டமாக உட்காருதல், சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான கரும்பலகைகள். கரும்பலகைக்கு எங்களுக்குப் பஞ்சமே இல்லை. 'க' என்றால் கப்பல் என்று சொல்லிக் கொடுத்தேன். "கப்பல்னா என்னா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். கடல் பார்க்காத பிள்ளை. நான் ஒரு கப்பலை வரைந்து காட்டிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விட்டேன். அவள் தினமும் சாப்பிடும் களியும் 'க'தான், இரவில் காட்டோரம் வரும் கரடியும் 'க'தான். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. உக்யெனுக்கு ஒரு நொடியில் தோன்றியது. அந்த இடத்தில் எனக்கு வருத்தமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வந்தன.

கரும்பலகையை ஊர்க்காரர்கள் உதவியோடு தாங்களே செய்துகொள்கிறார்கள். எழுதக் காகிதம் தீர்ந்துபோகிறது. உக்யெனின் அறை ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, குளிர்காற்றைத் தடுக்கக் கையால் செய்த காகிதத்தைத்தான் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவன் அதைக் கிழித்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கொடுக்கிறான். அன்றிலிருந்து அவன் அறைக்குள் காற்று நேராக வருகிறது. இதற்குப் பின்னணி இசையை ஏற்றவில்லை, யாரும் கண் கலங்கிப் பாராட்டவும் இல்லை. கிழிக்கிறான், கொடுக்கிறான், அவர்கள் எழுதுகிறார்கள். ஒரு மனிதன் மாறிவிட்டான் என்பதற்கு இதைவிட வேறென்ன காட்ட முடியும்?

யாக் எப்படி வகுப்புக்குள் வந்தது என்று கேட்பீர்கள். மரம் வளராத உயரம் அது, அடுப்பெரிக்க யாக்கின் சாணம்தான் வேண்டும். காய்ந்த சாணத்தைத் தேடி உக்யென் மேய்ச்சல் நிலமெல்லாம் அலைகிறான். அங்கே மாடு மேய்க்கும் சல்டோன் என்ற பெண், நோர்பு என்ற வயதான யாக்கை அவனுக்குக் கொடுக்கிறாள். நோர்பு வகுப்பறையிலேயே இருக்கிறது. பின்னால் அது அசைபோட, முன்னால் பாடம் நடக்கிறது. யாருக்கும் அது விசித்திரமாக இல்லை. கொஞ்ச நேரத்தில் நமக்கும் இல்லை.

குறளில் வரும் கவரிமா இந்த விலங்குதான் என்று தமிழறிந்த பலர் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் அது 'கவரிமான்' ஆகி, புள்ளிமான் போல ஒன்றாகப் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிட்டது. சாமரம் செய்ய உதவும் நீண்ட மயிர் கொண்ட இமயத்து மாடு அது. நோர்புவின் வயிற்றோரம் திரை போலத் தொங்கும் மயிரைப் பார்த்தால் அந்தக் குறள் வேறு மாதிரி விளங்குகிறது. தமிழாசிரியர்கள் இதற்காகவே ஒரு முறை பார்க்கலாம்.

சல்டோன் மலைச்சரிவில் நின்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். யாக்கைப் பற்றிய மேய்ச்சல் பாட்டு. யாருக்காகப் பாடுகிறாய் என்று உக்யென் கேட்கிறான். பாடகனாக வேண்டும் என்று ஏங்குகிறவனுக்கு இயல்பாக வரும் கேள்வி. அவள் சொல்லும் பதிலின் சாரம் இது: கருங்கழுத்துக் கொக்கு யார் கேட்கிறார்கள் என்று பார்த்தா பாடுகிறது? நான் இந்தப் பள்ளத்தாக்குக்கும் இங்குள்ள உயிர்களுக்கும் காணிக்கையாகப் பாடுகிறேன். எனக்கும் சொல்லிக் கொடு என்கிறான். வாத்தியார் மாணவனாகும் இடம் அது. கெல்டன் லாமோ குருங் என்ற பெண் சல்டோனாக நடித்திருக்கிறார். குரலில் ஒரு தெளிவு இருக்கிறது, ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளினாற்போல. உக்யெனாக வரும் ஷெராப் டோர்ஜியும் பாடகர்தான், அதனால் கிடாரைத் தொடும் விதத்தில் பொய் இல்லை.

வகுப்புத் தலைவி பெம் ஜாமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவள் உண்மைப் பெயரும் அதுதான். லுனானாவிலேயே பிறந்து வளர்ந்தவள். படத்தில் அவள் அப்பா குடிகாரர், அம்மா உடன் இல்லை, பாட்டியிடம் வளர்கிறாள். இதை ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. ஆனால் அவள் சிரிக்கும்போதெல்லாம் நமக்கு அது நினைவில் இருக்கும். நடிப்பு என்று ஒன்று அவளிடம் இல்லை. ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பிள்ளையின் கண் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

படம் எடுத்த விதமும் சேர்த்தே பேச வேண்டியது. உண்மையான லுனானாவிலேயே எடுத்திருக்கிறார்கள். அப்போது அங்கே மின் இணைப்பு இல்லை, சூரிய ஒளியில் பேட்டரி ஏற்றித்தான் கேமராவே ஓடியது. ஊர்க்காரர்களில் பலர் திரைப்படம் என்ற ஒன்றையே பார்த்திராதவர்கள், அவர்களே நடித்திருக்கிறார்கள். 2019இல் லண்டன் திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். ஆஸ்கருக்கு அனுப்பியபோது, பூட்டானில் அதற்கான அங்கீகரிக்கப்பட்ட தேர்வுக்குழு இல்லை என்று முதல் முறை ஏற்கவில்லை. மறுபடி முறையாக அனுப்பி, 2022இல் சிறந்த பன்னாட்டுத் திரைப்படப் பிரிவின் இறுதி ஐந்தில் ஒன்றாக வந்தது. பூட்டானிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் படம். பரிசு ஜப்பானியப் படத்துக்குப் போனது. போகட்டும்.

குறைகளும் உண்டு. பயணப் பகுதி சிலருக்கு நீளமாகத் தோன்றும். மாலை ஆறு மணிக்கு வேலை முடித்து வந்து பார்க்க உட்கார்ந்தால் முதல் அரை மணிக்குள் தூக்கம் வரலாம். என் மனைவிக்கு வந்தது. மறுநாள் காலையில் திரும்பப் போட்டுப் பார்த்து முடித்தார். சல்டோனுக்கும் உக்யெனுக்கும் நடுவில் இருப்பது என்ன என்பதை இயக்குநர் தொட்டும் தொடாமலும் விட்டிருக்கிறார். அது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அவளுக்கென்று ஒரு விருப்பம், ஒரு கவலை இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். ஊரில் சண்டை சச்சரவே இல்லாததும் எனக்கு உறுத்தியது. 56 பேர் இருக்கும் ஊரில் மூன்று பேராவது பேசிக்கொள்ள மாட்டார்கள், அதுதான் ஊர். மலைமக்கள் எல்லோரும் வெள்ளந்திகள் என்று காட்டுவதும் ஒரு வகையில் அவர்களைத் தள்ளி வைப்பதுதான். பெம் ஜாமின் அப்பாவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்திருந்தால் இந்தக் குறை தீர்ந்திருக்கும்.

இனி முடிவைச் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

குளிர்காலம் நெருங்குகிறது, பனி பாதையை மூடிவிடும், அதற்குள் அவன் கிளம்ப வேண்டும். ஊரில் எல்லோரும் அவன் தங்குவான், இல்லை திரும்பி வருவான் என்று நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியா போவதை அவன் ஆஷாவிடம் சொல்கிறான். ஆஷா திட்டவில்லை. நம் நாட்டை உலகத்திலேயே மகிழ்ச்சியான நாடு என்கிறார்கள், ஆனால் உன்னைப் போன்று நாட்டுக்குப் பயன்படக்கூடியவர்கள் மகிழ்ச்சியைத் தேடி வேறெங்கோ போகிறீர்களே என்ற பொருளில் வருத்தத்தோடு கேட்கிறார். உக்யென் தலைகுனிந்து நிற்கிறான். கிளம்பும் நாளில், மனைவி இறந்தபின் பாடுவதையே விட்டிருந்த ஆஷா, அவனுக்காக அந்த யாக் பாட்டைப் பாடுகிறார். திரும்பும் வழியில் கணவாயில் நின்று, வரும்போது வைக்க மறுத்த காணிக்கையை அவன் வைத்துவிட்டுப் போகிறான்.

ஆமாம், போகிறான். வேறு ஒருவர் எடுத்திருந்தால் அந்தக் கணவாயிலேயே மனம் மாறி ஓடி வந்திருப்பான், பிள்ளைகள் கட்டிக்கொண்டிருப்பார்கள். டோர்ஜி அப்படிச் செய்யவில்லை. அடுத்த காட்சி சிட்னி. ஒரு மதுக்கூடத்தில் உக்யென் பாடிக்கொண்டிருக்கிறான், ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் நிறுத்துகிறான். காசு கொடுப்பது பாடத்தானே என்று கடைக்காரர் அதட்டுகிறார். அவன் கண்ணை மூடி யாக் பாட்டைத் தொடங்குகிறான். பேச்சுச் சத்தம் மெல்ல அடங்குகிறது.

நானும் மலையிலிருந்து இறங்கி வந்தவன். இரண்டரை வருடத்தில் கலந்தாய்வில் சமவெளியில் இடம் கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வந்துவிட்டேன். கடைசி நாளில் ஒரு வீட்டில் சாமை அரிசி ஒரு பை கொடுத்தார்கள். ஒரு பையன் ஆறு சீத்தாப்பழம் கொண்டுவந்து பைக்குள் வைத்தான், இரண்டு நாள் கழித்துப் பழுக்கும் சார் என்றான். எனக்குப் பிறகு பல மாதங்கள் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை, தலைமையாசிரியர் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டார். இதை நான் பலரிடம் சொன்னதில்லை. விட்டுவிட்டு வந்தவனைக் கெட்டவனாகவும் காட்டாமல், அவன் வந்ததால் அங்கே ஒரு வெற்றிடம் விழுந்தது என்பதையும் மறைக்காமல் ஒரு படம் சொன்னது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

படம் ஏறக்குறைய 110 நிமிடம். ஜோங்கா மொழி, இடையிடையே ஆங்கிலம். தமிழில் குரலோ துணையெழுத்தோ எனக்குக் கிடைக்கவில்லை, ஆங்கிலத் துணையெழுத்தோடு பார்த்தேன். போன மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டினேன், நடுநடுவே நிறுத்தித் தமிழில் கதை சொல்லிக்கொண்டே. சிட்னி வந்ததும் வகுப்பில் சத்தம் குறைந்தது. படம் முடிந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள், "அப்ப அந்தப் பாப்பாவுக்கு இப்ப யாரு சார் பாடம் எடுக்குறாங்க?"

படத்தில் அது வரவில்லையே என்றேன். அவரு திரும்பிப் போயிருப்பாரு என்று கடைசி பெஞ்சில் ஒரு பையன் சொன்னான். அவ்ளோ தூரம் விமானத்துல போனவரு எப்படிடா வருவாரு என்றாள் இவள். பாட்டு ஞாபகம் வந்துடுச்சுல்ல, வருவாரு என்றான் அவன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துகொண்டு கத்த ஆரம்பித்தது. சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.